காப்பி உமியும் சாய ஆறும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைத் தாண்டினால் சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகள். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கால் ஊன்றிய பயிர் இது. கார்த்திகை பிறந்தால் பழம் சிவக்கத் தொடங்கும். தைக்குள் பெரும்பாலும் பறித்து முடித்துவிடுவார்கள்.

பறித்த பழம் இரண்டு வழிகளில் காப்பியாகிறது. பல்பரில் போட்டுத் தோலையும் சதையையும் உரித்து, ஊறவைத்துக் கழுவி, மேலே மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கக் காயவைப்பது ஒரு வழி. அதுதான் பார்ச்மென்ட் காப்பி. பழத்தை அப்படியே களத்தில் கொட்டிச் சுருங்கக் காயவைத்துப் பிறகு உடைப்பது இன்னொரு வழி. அது செர்ரி காப்பி. எந்த வழியில் போனாலும் ஏறத்தாழ ஐந்து, ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ காப்பிக் கொட்டைதான் தேறும். மிச்சமெல்லாம் தோல், சதை, உமி, கழுவிய தண்ணீர்.

இதே மலைத்தொடரில் மஞ்சவாடிப் பக்கம் திருமணிமுத்தாறு பிறக்கிறது. அங்கே அது ஓடைதான். சேலம் நகருக்குள் நுழைந்ததும் சாக்கடையோடு சாயப்பட்டறைக் கழிவும் சேர்ந்துகொள்கிறது. ஆற்றில் நுரை பொங்குவதும் தண்ணீரின் நிறம் மாறுவதும் சேலத்துக்காரர்களுக்குப் பழகிப்போன செய்தி. அந்தத் தண்ணீர் அப்படியே நாமக்கல் மாவட்டத்து வயல்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது.

மேலே குவியும் உமியைக் கரியாக்கிக் கீழே ஓடும் சாயத்தைப் பிடித்துவிட முடியாதா? சுற்றுச்சூழல் வேதியியல் படிக்கும் எந்த மாணவருக்கும் உடனே தோன்றும் கேள்வி இது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் இதே கேள்வியில்தான் தொடங்கியிருக்கின்றன. அவற்றுள் கணிசமானவை தமிழ்நாட்டிலிருந்து போனவை. ஆனால் சந்தையில் காப்பி உமிக் கரியைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. கிடைப்பது தேங்காய்த் தொட்டியில், அதாவது சிரட்டையில், செய்த கரி. ஆய்வகத்தில் வென்ற பொருள் சந்தைக்கு ஏன் வரவில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

கரிக்கு நிறத்தை இழுக்கும் குணம் உண்டு என்பதை முறையாகக் கவனித்து எழுதியவர் தோபியாஸ் லோவிட்ஸ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருந்தாளராக இருந்தவர். 1785இல் டார்டாரிக் அமிலக் கரைசல் பழுப்பேறிக் கிடந்தபோது அதில் மரக்கரியைச் சேர்த்துப் பார்த்தார், கரைசல் தெளிந்தது. நம் வீடுகளில் மணல், கூழாங்கல், கரி என்று பானைகளை அடுக்கி நீர் வடித்ததும் இந்தக் குணத்தை நம்பித்தான். (தேத்தாங்கொட்டையை இதோடு சேர்க்கக் கூடாது. அது கலங்கலைத் திரட்டி அடியில் தங்கவைக்கிறது. கரைந்துவிட்ட சாயத்திடம் அதன் பலம் செல்லாது.)

அடுப்புக்கரியும் சாயத்தைப் பிடிக்கும், ஆனால் கொஞ்சம்தான். பொருள் ஒட்டுவது கரியின் பரப்பில். அடுப்புக்கரிக்குப் பரப்பு குறைவு. காற்றுப் புகாமல் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது உமியிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் முதலில் உடையும், பிறகு செல்லுலோஸ், நிதானமாக லிக்னின். நீராவியும் வாயுவும் தாரும் வெளியேறும். உள்ளே உண்டாகும் இடைவெளிகளைத் தாரே பாதி அடைத்துவிடும். அடைப்பை நீக்கி உள்ளறைகளைத் திறந்துவிடும் வேலைதான் கிளர்வூட்டல். தொழிலில் இருப்பவர்கள் ஆக்டிவேஷன் என்றே சொல்வார்கள்.

இதற்கும் இரண்டு வழிகள். இரண்டுக்கும் வித்திட்டவர் ரபேல் வான் ஆஸ்ட்ரேகோ. 1900, 1901 ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார். 800 டிகிரிக்கு மேல் நீராவியையோ கரியமில வாயுவையோ செலுத்தினால், நீராவி கரியின் ஒரு பகுதியைத் தின்று கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறும். தின்ற இடமெல்லாம் துளை. மற்றொரு வழியில், கரியாக்கும் முன்பே மூலப்பொருளைத் துத்தநாகக் குளோரைடிலோ பாஸ்பாரிக் அமிலத்திலோ ஊறவைக்க வேண்டும். அதன்பின் 400, 500 டிகிரியிலேயே துளைகளோடு கூடிய கரி கிடைத்துவிடும். சுட்டு முடித்ததும் ரசாயனத்தைக் கழுவி எடுத்தாக வேண்டும்.

நன்றாகக் கிளர்வூட்டிய கரியில் ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் பரப்பு சாதாரணம். நம் கணக்கில் 25 சென்ட் நிலம். 1915இல் முதல் உலகப் போரில் ஈப்ர நகர் அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட பிறகு, இந்தப் பரப்பின் மதிப்பு படைகளுக்கும் புரிந்தது. ரஷ்யாவில் நிக்கொலாய் செலின்ஸ்கி கிளர்வூட்டிய கரி வைத்த முகமூடியை உருவாக்கினார். 1918இல் அமெரிக்காவில் வீடுவீடாகப் பீச் பழக் கொட்டைகளையும் பருப்பு ஓடுகளையும் திரட்டினார்கள், முகமூடிக் கரிக்காகத்தான். தேங்காய்ச் சிரட்டை இதற்கு மிகப் பொருத்தமானது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த இடத்தைச் சிரட்டை இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. காங்கேயம், வெள்ளக்கோயில் வட்டாரத்தில் கொப்பரைத் தொழிலின் பக்க விளைவாகத் தேங்காய்த் தொட்டி மலைபோலச் சேர்கிறது. இலங்கையில் 1973இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் சிரட்டைக் கரியை நம்பியே உலகளவில் வளர்ந்தது. சிரட்டையின் பலம் அதன் கடினம். அதன் கரி நொறுங்காது. குழாய்ப் படுகையில் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினாலும் தூளாகிக் கரைந்து போகாது. சாம்பல் குறைவு. கனமான பொருளாதலால் லாரியில் ஏற்றினால் கூலிக்குக் கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இடத்தில் டன் கணக்கில் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. கொங்கு நாட்டில் குழி வெட்டித் தொட்டி சுடும் இடங்களைச் சுற்றிப் புகையும், அணைக்க ஊற்றிய தண்ணீர் நிலத்தடியில் இறங்குவதும் ஊர்ச் சண்டையாகியிருப்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரைச் சுத்தமாக்கும் பொருளைச் செய்யும்போதே கிணற்றைக் கெடுக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி காப்பி உமி. முதலில் எந்த உமி என்று பிரித்தாக வேண்டும். பல்பரிலிருந்து விழும் பழத்தோலில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் காயவைத்துச் சுடுவதற்குள் விறகுச் செலவே கரியின் விலையைத் தாண்டிவிடும். அது எருக்குழிக்குப் போவதுதான் நியாயம். தோட்டங்களும் அப்படித்தான் செய்கின்றன. பார்ச்மென்ட் சவ்வு காய்ந்தது, சாம்பல் குறைந்தது, கரிக்கு ஏற்றது. ஆனால் அது கொட்டையை விட்டுப் பிரிவது, சவ்வை உரித்துத் தரம் பிரிக்கும் க்யூரிங் ஆலையில். ஏற்காட்டில் உலர்த்திய பார்ச்மென்ட் காப்பி சமவெளி ஆலைக்குப் போய்விட்டால், சவ்வும் மலையை விட்டு இறங்கிவிடுகிறது. மலையிலேயே மிஞ்சக்கூடியது செர்ரி காப்பியை உடைக்கும்போது கிடைக்கும் காய்ந்த உமி. காபீனும் டானினும் இருப்பதால் மாட்டுக்கு அதைத் தாராளமாகப் போட முடியாது. ஆகவே போட்டி கொஞ்சம் குறைவு.

இந்தக் காய்ந்த உமியில் இருக்கும் பெரிய வில்லங்கம் பொட்டாசியம். காப்பிச் செடி பொட்டாசியத்தை அள்ளியெடுத்துப் பழத்தோலில் சேர்த்துவைக்கிறது. எருவுக்கு அது வரம். நீராவிக் கிளர்வூட்டலில் அதுவே தொல்லை. பொட்டாசியம் உள்ள இடத்தில் நீராவிக்கும் கரிக்கும் இடையிலான வினை வேகம் பிடிக்கும். அளவாக நடந்தால் துளை விழும். கை மீறினால் துளைகள் ஒன்றோடொன்று கூடி, கரியே கரைந்து சாம்பலாகிவிடும். இதற்கு எளிய மாற்று, சுடுவதற்கு முன் உமியை வெந்நீரில் அலசுவது. பொட்டாசியத்தில் பெரும்பங்கு நீரில் கரையும் வடிவில் இருப்பதால் அலசலோடு வந்துவிடும். அந்தத் தண்ணீரைக் காப்பிச் செடிக்கே ஊற்றலாம். ஆய்வகங்கள் இந்தப் படியை ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் மலையில் இந்தத் தொழில் நிற்குமா நிற்காதா என்பது இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

காப்பி விளையும் மற்ற நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. 2003இல் கொலம்பிய ஆய்வாளர்கள் பாஸ்பாரிக் அமில வழியைப் பற்றி எழுதினார்கள். 2009இல் வெளியான பிரேசில் ஆய்வில் துத்தநாகக் குளோரைடில் கிராமுக்கு 1,500 சதுர மீட்டரை ஒட்டிய பரப்பும், இரும்புக் குளோரைடில் 1,000க்குச் சற்றுக் குறைந்த பரப்பும் கிடைத்தன. உமியால் நல்ல கரி வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் துத்தநாகத்தைக் கழுவிய தண்ணீர் எங்கே போகும்? பாஸ்பாரிக் அமிலம் அதைவிடப் பரவாயில்லை என்றாலும், பாஸ்பேட் கலந்த கழிவு நீர் ஏற்காட்டு ஏரியில் இறங்கினால் பாசிக்குப் பந்தி வைத்தது போலத்தான். அமிலத்தை மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாமல் மலையில் ரசாயன வழியைத் தொடவே கூடாது.

தமிழ்நாட்டுப் பங்கைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. நமசிவாயம் தலைமையில் 1990களிலும் 2000களிலும் நடந்த ஆய்வுகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுபவை. வாழைத்தண்டுக் கழிவு, ஆரஞ்சுத் தோல், தென்னை நார்த்தூள் என்று கைக்கெட்டிய எல்லாவற்றையும் அவர்கள் சோதித்தார்கள். திருச்சியில் பலாப்பழத் தோலைக் கரியாக்கிக் காட்மியத்தைப் பிடிக்கவைத்தார்கள். கோவை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இலவம் பஞ்சுக் காயின் ஓடு, தென்னைமரத் தூள், சவ்வரிசி ஆலைக் கழிவு, மக்காச்சோளக் கட்டை, வாழைத்தண்டு ஐந்தும் ஒரே வரிசையில் நிற்கின்றன. மரவள்ளித் தோல் கரி பற்றி 2001இலேயே கட்டுரை வந்துவிட்டது. மரவள்ளிச் சவ்வரிசி ஆலைகளின் சேகோசர்வ் கூட்டுறவு இயங்கும் சேலத்துக்கு இது எவ்வளவு நெருக்கமான பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்காட்டுப் பலாவும் ஆரஞ்சும் இந்தப் பட்டியலில் இருப்பதையும் கவனியுங்கள்.

இவற்றில் எனக்குப் பிடித்தது நார்த்தூள் கதை. 2002இல் வெளியான ஆய்வில், நார்த்தூள் கரி காங்கோ ரெட் சாயத்தைக் கிராமுக்குச் சுமார் 7 மில்லிகிராம் அளவே பிடித்தது. பின்னர் அதே நார்த்தூளைத் துத்தநாகக் குளோரைடில் கிளர்வூட்டியபோது பரப்பு கிராமுக்கு 900 சதுர மீட்டரைத் தாண்டியது. கரி என்ற பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. இதை நடைமுறைக் கணக்காக்கிப் பார்க்கலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் உள்ள தண்ணீர் 1,000 லிட்டர் இருக்கிறது என்று கொள்வோம். மொத்தச் சாயம் 100 கிராம். கிராமுக்கு 7 மில்லிகிராம் பிடிக்கும் கரி என்றால் 14 கிலோவுக்கு மேல் தேவை. 200 மில்லிகிராம் பிடிக்கும் கரி என்றால் அரைக் கிலோ போதும். கட்டுரையின் தலைப்பில் 99 சதவீதம் நிறம் நீங்கியது என்று இருந்தால், எத்தனை கிலோ கரி போட்டு நீங்கியது என்று தேடிப் படியுங்கள். பல கட்டுரைகளின் சாயம் அங்கேயே வெளுத்துவிடும்.

இனிதான் முக்கியமான முடிச்சு. பெரும்பாலான ஆய்வுகள் கரியைச் சோதிக்க மெத்திலீன் புளூ என்ற சாயத்தை எடுத்துக்கொள்கின்றன. மலிவு, அடர்ந்த நீலம், கருவியில் அளப்பது எளிது. ஆனால் அது நேர்மின்னூட்டம் கொண்ட சாயம். வேளாண் கழிவுக் கரிகளின் பரப்பில், குறிப்பாக அமில வழியில் செய்தவற்றில், ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் நிறைய. சாதாரண நீரில் அவை எதிர்மின்னூட்டம் ஏற்று நிற்கும். எதிரும் நேரும் கூடாமல் என்ன செய்யும்? மெத்திலீன் புளூ ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது, முடிவும் பிரமாதமாக வருகிறது. பருத்தி நூலுக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களோ சல்போனேட் தொகுதிகளால் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அவற்றை அதே கரி விலக்கித் தள்ளும். மெத்திலீன் புளூவில் முதல் மதிப்பெண் வாங்கிய கரி, சாயப்பட்டறைத் தண்ணீரில் தேறாமல் போவது இதனால்தான்.

துளையின் அளவும் இதில் ஒரு பங்காளி. கரிக்குள் இருக்கும் துளைகளை ஒரு பழைய ஊரின் வழிகளாக நினைத்துக்கொள்ளலாம். 50 நானோமீட்டருக்கு மேற்பட்டவை தேர் ஓடும் வீதிகள், 2 முதல் 50 வரை உள்ளவை தெருக்கள், 2க்குக் கீழே உள்ளவை ஒருவர் ஒருக்களித்து நுழையும் சந்துகள். பரப்பின் பெரும்பங்கு சந்துகளில் இருக்கிறது. சிரட்டைக் கரி ஏறக்குறைய சந்துகளால் ஆன ஊர். வாயுக்களையும் குளோரின் நாற்றத்தையும் சின்ன மூலக்கூறுகளையும் அது அசத்தலாகப் பிடிக்கும். பருத்த சாய மூலக்கூறு சந்து முனையிலேயே நின்றுவிடும். கரியின் தரத்துக்குச் சந்தையில் சொல்லும் அயோடின் எண் இந்தச் சந்துகளையே அளக்கிறது. 1,000 என்று போட்டிருந்தால் ஒரு கிராம் கரி 1,000 மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கும் என்று பொருள். சாயத்தைப் பற்றி அந்த எண் அதிகம் பேசாது. மென்மையான வேளாண் கழிவுகளை அமில வழியில் கிளர்வூட்டினால் தெரு அகலத் துளைகள் கூடுதலாகக் கிடைக்கும். சிரட்டையை வெல்ல உமிக்கு ஒரு வாய்ப்பு உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது.

பரப்பு, துளை, மின்னூட்டம் மூன்றும் கூடி வந்தாலும் உப்பு மிஞ்சும். ரியாக்டிவ் சாயமிடலில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புச் சேர்க்கிறார்கள். சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ எந்தக் கரியும் பிடிக்காது. நிறம் போய்த் தெளிந்த தண்ணீர் வயலில் பாய்ந்தால் மண் உப்பாகும். திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதன் பின்னணியில் நிறத்தோடு இந்த உப்பும் இருந்தது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றுப் பாசனத்தில் தென்னையையும் நெல்லையும் இழந்தவர்களுக்கு இது தெரியும். திருமணிமுத்தாற்றுக்கும் உமிக்கரி ஒன்றே மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புளோரைடும் அப்படித்தான். சேலம், தருமபுரி வட்டாரக் கிணறுகளில் இருக்கும் புளோரைடைச் சாதாரணக் கரி சொல்லிக்கொள்ளும்படி பிடிக்காது. அதற்குக் கிளர்வூட்டிய அலுமினா நல்லது. அதன் மூலமான பாக்சைட்டும் சேர்வராயன் மலையிலிருந்தே வெட்டப்பட்டு மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குப் போனது என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். மலையின் தலையைச் சீவி எடுத்த பாக்சைட்டை அதற்காக மறுபடி தோண்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

சாயத்தைக் குடித்த கரியை என்ன செய்வது என்ற கேள்வியைப் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் பயன்படுத்திய கரியும் இருக்கிறது. பெரிய ஆலைகள் அதை மீண்டும் 800 டிகிரி உலையில் போட்டு நீராவி விட்டு மீட்டெடுக்கின்றன. தூளாக இருக்கும் உமிக்கரியை அப்படி மீட்பது கடினம். காற்றிலும் நெருப்பிலுமே பாதி போய்விடும். அந்தத் தூளைக் குறுணையாகப் பிடித்து இறுக்கினால்தான் படுகையில் வைக்கவும் மீட்கவும் முடியும். அதற்குப் பிணைப்புப் பொருள் வேண்டும். மரவள்ளி மாவு ஊரான சேலத்தில் மரவள்ளிக் கஞ்சியையே பிணைப்பாகச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

காப்பித் தோட்டங்களின் பல்பிங் கழிவு நீருக்காவது இந்தக் கரி உதவுமா? நேரடியாக உதவாது. அதிலுள்ள சர்க்கரை நீரை விட்டுப் பிரிய விரும்பாத பொருள். கரி அதைச் சரியாகப் பிடிக்காது. முதலில் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று முடிக்க வேண்டும். அதன்பின் மிஞ்சும் பழுப்பு நிறத்தையும் பீனால் வகைச் சேர்மங்களையும் கரி நன்றாகப் பிடிக்கும். இந்த வேலைக்கு மலையிலேயே செய்து மலையிலேயே பயன்படுத்தும் கரி போதும், பிடித்த பொருளும் செடியிலிருந்து வந்ததே. லாரிக் கூலியும் இல்லை. உமிக்கரிக்கு முதல் வாடிக்கையாளர் சேலத்துச் சாயப்பட்டறை அல்ல, பக்கத்துத் தோட்டத்துப் பல்பர்தான் என்பது என் முடிவு.

சேலத்திலும் சுற்றியும் வேதியியல் கற்பிக்கும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மலையடிவாரத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அடுத்த முறை ஒரு மாணவர் காப்பி உமிக் கரியைத் தன் ஆய்வுப் பொருளாக எடுத்தால், மெத்திலீன் புளூ புட்டியைச் சோதனையின் முதல் நாளோடு மூடி வைக்கட்டும். பிறகு பல்பிங் தொட்டியிலிருந்து ஒரு கேனும் திருமணிமுத்தாற்றிலிருந்து ஒரு கேனும் தண்ணீர் எடுத்து வந்து, அதிலிருக்கும் உப்போடும் அழுக்கோடும் சோதிக்கட்டும். ஒரு கிலோ கரிக்கு எத்தனை கிலோ உமி, எவ்வளவு அமிலம், எவ்வளவு தண்ணீர், எத்தனை ரூபாய் ஆனது என்பதையும் ஆய்வேட்டில் எழுதட்டும்.